வெர்மாண்ட் சிற்றூர்களில் இலை நிறம் பார்க்கப் போகிறவர்களுக்கு

செப்டம்பர் பிறந்தால் நியூ ஜெர்சி, பாஸ்டன் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் வெர்மாண்ட்ல பீக் எந்த வீக்கெண்ட்?" பீக் என்றால் உதிர்வதற்கு முன் இலைகள் முழு நிறத்துக்கு வரும் சில நாட்கள். ஆளுக்கு ஒரு தேதி சொல்வார்கள். ஒவ்வொரு தேதியும் ஏதோ ஓர் ஊருக்குச் சரி, மற்ற ஊர்களுக்குத் தப்பு. வெர்மாண்ட், வடகிழக்கு அமெரிக்காவில் வடக்கு தெற்காகச் சுமார் 160 மைல் நீளமுள்ள மாநிலம். சாம்ப்ளைன் ஏரிக்கரை கடல் மட்டத்திலிருந்து 100 அடி உயரம்கூட இல்லை. மேன்ஸ்ஃபீல்டு மலையின் உச்சி 4,393 அடி. அப்படிப்பட்ட நிலத்தில் எல்லா மரமும் ஒரே சனிக்கிழமையில் சிவந்துவிடாது. நிறம் வடக்கிலிருந்து தெற்கே, மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்கு, ஏறக்குறைய நான்கு வாரம் இறங்கி வருகிறது.

ஆகவே முதலில் லீவு எப்போது கிடைக்கும் என்று பாருங்கள். அந்த வாரத்துக்கு ஏற்ற பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பகுதியிலும், ஒரு மணி நேரத்துக்குள் மலை ஏறவும் பள்ளத்தாக்குக்கு இறங்கவும் சாலை உள்ள ஊரில் அறை எடுங்கள். நிறம் ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் பயணம் வீணாகாது.

எந்த வாரம், எந்தப் பக்கம்

செப்டம்பர் நடுவிலேயே சதுப்பு நிலத்துச் செம்மேப்பிள்கள் சிவந்துவிடும். அவற்றைப் படம் எடுத்து "ஆரம்பிச்சாச்சு" என்று போடுவார்கள். அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஈரத்தில் வேர் ஊறிக் கிடக்கும் மரங்கள் எப்போதுமே முந்திக்கொள்ளும். மலைச்சரிவு முழுக்க மாற இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும்.

சராசரியான ஆண்டில் கணக்கு இப்படி வரும். செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபரின் முதல் சில நாட்களும் வடகிழக்கு மூலைக்கு: செயின்ட் ஜான்ஸ்பரி, டேன்வில், பீச்சம், கிராஃப்ட்ஸ்பரி, வில்லோபி ஏரி. அக்டோபர் 1 முதல் 10 வரை நடு வெர்மாண்ட்டின் மலைப்பகுதி: ஸ்டோ, வெய்ட்ஸ்ஃபீல்டு, வாரன், ராச்செஸ்டர். 8 முதல் 16 வரை உட்ஸ்டாக், லட்லோ, வெஸ்டன், செஸ்டர், கிராஃப்டன். 12 முதல் 20 வரை தெற்கே பிராட்டில்பரோ, பென்னிங்டன், அவற்றோடு கனெக்டிகட் ஆற்றங்கரையும் சாம்ப்ளைன் ஏரிக்கரையும். இந்தக் கணக்கு எந்த ஆண்டிலும் ஐந்தாறு நாள் இப்படி அப்படி நகரும். ஆயிரம் அடி ஏறினால் நிறம் சில நாள் முந்தியிருக்கும் என்பது மட்டும் மாறாது.

மரங்களும் வரிசையில்தான் வரும். செம்மேப்பிளுக்குப் பின் சர்க்கரை மேப்பிள். வெர்மாண்ட்டின் அந்தப் பேர்போன ஆரஞ்சு நிறம் இதனுடையதுதான். வெள்ளை ஆஷ் மரம் ஒரு மாதிரி ஊதாவாக மாறிச் சீக்கிரமே உதிர்ந்துவிடும். பிர்ச்சும் பீச்சும் மஞ்சள். ஓக் கடைசியில் செம்பு நிறத்துக்கு வரும். அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்கின் சதுப்புகளில் டாமரக் என்ற ஊசியிலை மரம் பொன்னாகி, ஊசிகளை மொத்தமாக உதிர்க்கும். கூட்டமே இல்லாத நாட்களில் இதை மட்டும் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் ரசனை தனி. நவம்பர் வந்தால் 'குச்சிப் பருவம்': இலையும் இல்லை, பனியும் இல்லை, பல விடுதிகள் பூட்டியிருக்கும்.

ஆண்டுக்கு ஆண்டு நிறம் ஏன் மாறுகிறது என்று தெரிந்தால் முன்னறிவிப்புகளை எடைபோட முடியும். பகல் குறையக் குறைய மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்துகிறது. மஞ்சளையும் ஆரஞ்சையும் தரும் கரோட்டினாய்டுகள் இலைக்குள் ஏற்கெனவே இருப்பவை, பச்சை விலகியதும் வெளியே தெரியும். அதனால் மஞ்சள் எந்த ஆண்டும் ஏமாற்றாது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் அப்படியல்ல. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து அந்தச் சில வாரங்களில் புதிதாக உண்டாவது. வெயில் அடிக்கும் பகலும், உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் சிவப்பு கொழுந்துவிடும். மேகமூட்டமும் வெதுவெதுப்பான இரவுகளுமாகச் செப்டம்பர் கழிந்தால் சிவப்பு மங்கும். கோடையில் கடும் வறட்சி என்றால் இலை முந்தி மாறி முந்தி உதிரும். மழை அதிகமான கோடையில் பூஞ்சை பிடித்து, மேப்பிள் இலைகள் ஓரம் கருகித் தொங்கும். இவை எல்லாவற்றையும்விட ஆபத்து, பீக் சமயத்தில் வீசும் ஒரே ஒரு காற்றுமழை. புதன்கிழமை தகதகவென்று இருந்த சரிவு வெள்ளிக்கிழமை பாதி மொட்டையாகிவிடும். அப்படி நடந்தால் உயரத்தை விட்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்குங்கள். அங்கே இலை இன்னும் இளசாக இருக்கும், காம்பும் கெட்டியாகப் பிடித்திருக்கும்.

வெர்மாண்ட் வனத்துறை பருவம் முழுக்க வாரந்தோறும் நிற அறிக்கை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முன் கடைசியாக வந்ததைப் படியுங்கள். அதில் மாவட்ட வாரியாக உயரத்தையும் குறிப்பிடுவார்கள், பார்க்க வேண்டியது அந்த வரிகளைத்தான். விடுதிகளின் பக்கங்களில் வரும் படங்கள் எந்த ஆண்டு எடுத்தவை என்று யாருக்கும் தெரியாது. பனிச்சறுக்கு மையங்களின் நேரலைக் கேமராக்கள் பொய் சொல்லாது. கில்லிங்டன், ஸ்டோ கேமராக்களைக் காலையில் ஒருமுறை பார்த்தால் உச்சியும் அடிவாரமும் எப்படியிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

தங்கும் ஊர்

தினம் ஓர் ஊரில் தங்கி ரூட் 100 முழுவதையும் ஓட்டி முடிப்பதுதான் பலர் போடும் முதல் திட்டம். மாநிலத்தின் தெற்கு எல்லையிலிருந்து கனடா எல்லைப் பக்கம் வரை, 200 மைலுக்கு மேல் நீளும் சாலை அது. அப்படிப் போனால் பார்ப்பது பெரும்பாலும் முன்னே போகும் காரின் பின்விளக்கைத்தான். தினமும் பெட்டி கட்டி, காலை 11 மணிக்கு அறையைக் காலிசெய்து, மாலை 3 மணிக்கு அடுத்த அறை திறக்கக் காத்திருக்க வேண்டும். ஒரே ஊரில் மூன்று இரவு தங்கி, நாளுக்கு 60 முதல் 80 மைல் வட்டமடிப்பது எல்லா வகையிலும் மேல்.

அக்டோபர் முதல் பத்து நாளுக்கு எங்கள் முதல் தேர்வு வெய்ட்ஸ்ஃபீல்டு, வாரன் ஊர்கள் இருக்கும் மேட் ரிவர் பள்ளத்தாக்கு. ஊர் சுமார் 700 அடியில் இருக்கிறது. மேற்கே அப்பலாச்சியன் கணவாய் 2,375 அடி, லிங்கன் கணவாய் 2,424 அடி. அவற்றைத் தாண்டி இறங்கினால் சாம்ப்ளைன் சமவெளி. உச்சியில் உதிர்ந்துவிட்டதா, நடுவில் பாருங்கள். நடுவில் இன்னும் பச்சையா, கணவாய்க்கு ஏறுங்கள். ஸ்டோ ஊருக்குப் பேர் பெரிது, கூட்டமும் வாடகையும் அதைவிடப் பெரிது. அங்கே பகலில் போய் வந்தால் போதும்.

செப்டம்பர் கடைசி என்றால் செயின்ட் ஜான்ஸ்பரி அல்லது லிண்டன்வில். தெற்கே உட்ஸ்டாக் அழகான ஊர், ஆனால் அறை வாடகை கண்ணைக் கட்டும். பக்கத்தில் லட்லோ, செஸ்டர் பாருங்கள்.

பிரச்சினை வாரம் ஒன்று உண்டு. அக்டோபர் இரண்டாவது திங்கள் அமெரிக்காவில் கொலம்பஸ் தினம். வெர்மாண்ட்டில் பூர்வகுடிகள் தினம் என்று அனுசரிக்கிறார்கள். அதே திங்கள்தான் கனடாவின் தேங்ஸ்கிவிங். அதாவது தெற்கிலிருந்து பாஸ்டன், நியூயார்க் கார்களும் வடக்கிலிருந்து கியூபெக் கார்களும் ஒரே மூன்று நாளில் வந்து குவியும். பல ஆண்டுகளில் நவராத்திரியும் இதை ஒட்டியே வருவதால், கொலு அழைப்புகளுக்கு நடுவே கிடைக்கும் நீண்ட வாரஇறுதி என்று நம்மவர்களும் இதைத்தான் பிடிப்பார்கள். ஞாயிறு மாலை போய் வியாழன் திரும்ப முடிந்தால் வாடகையும் இறங்கும், சாலையும் காலியாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இருப்பதால் முடியாது என்றால், அந்த நீண்ட வாரஇறுதியைத் தவிர்த்து முந்தைய அல்லது பிந்தைய சனி ஞாயிறை எடுங்கள்.

அறை பிடிப்பது

சிற்றூர் விடுதிகளில் பத்துப் பன்னிரண்டு அறைதான் இருக்கும், போன ஆண்டு வந்தவர்களே பாதியை மறுபடி பிடித்திருப்பார்கள். மார்ச், ஏப்ரலில் பதிவு செய்வது நல்லது. ஜூலைக்குப் பிறகு மிஞ்சுவது விலை கூடியவையும் தள்ளி இருப்பவையும். பதியும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: வாரஇறுதியில் குறைந்தது இரண்டு இரவு எடுத்தே ஆக வேண்டுமா, ரத்து செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அறை எந்த மாடியில், அறையில் ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் உண்டா. ரத்து விதியில் பலர் மாட்டுவார்கள். ஃபால் எனும் இந்த இலையுதிர் பருவத்துக்கு மட்டும் 14 அல்லது 30 நாள் விதி வைத்திருக்கும் விடுதிகள் உண்டு, "நிறம் வரவில்லை" என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. மாடியைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவற்றில் பல 19ஆம் நூற்றாண்டு வீடுகள். படி குறுகல், செங்குத்து, லிஃப்ட் கிடையாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு முட்டிவலி என்றால் தரைத்தள அறை கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

சொல்லும் வாடகைக்கு மேல் மாநில வரி 9 சதவீதம், சில ஊர்களில் உள்ளூர் வரி இன்னும் 1 சதவீதம். வீட்டு வாடகைத் தளங்களில் துப்புரவுக் கட்டணம் தனி. ஒரே இரவுக்கு எடுத்தால் அதுவே வாடகையில் பாதி வரை வந்துவிடும்.

சிற்றூர்களில் இடமே இல்லையென்றால் நெடுஞ்சாலை ஓரத்துச் சங்கிலி ஓட்டல்களைப் பாருங்கள். வடகிழக்குப் பகுதிக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் நியூ ஹாம்ப்ஷயரின் லிட்டில்டன். செயின்ட் ஜான்ஸ்பரிக்கு அரை மணிக்கும் குறைவு. உட்ஸ்டாக்குக்கு ஒயிட் ரிவர் ஜங்ஷன், வெஸ்ட் லெபனான். மேட் ரிவர் பள்ளத்தாக்குக்கு வில்லிஸ்டன் அல்லது தலைநகர் மான்ட்பீலியரை ஒட்டிய பெர்லின். அழகுக்குக் குறை, காலைச் சிற்றுண்டி இலவசம், இரவு 11 மணிக்குப் போனாலும் வரவேற்பில் ஆள் இருக்கும். சிறு விடுதியில் எட்டு மணிக்கே சாவியை உறையில் போட்டுக் கதவில் ஒட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

மூன்று நாள், மூன்று வட்டம்

வெய்ட்ஸ்ஃபீல்டிலிருந்து தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் மேற்கே. காலையில் ஊருக்குள் 1833இல் கட்டிய மூடு பாலத்தை (கூரை போட்ட மரப்பாலம்) பார்த்துவிட்டு ரூட் 17 பிடித்து அப்பலாச்சியன் கணவாய். கடைசி இரண்டு மைல் கொண்டை ஊசி வளைவுகள்; கார் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மாத்திரை. உச்சியில் நிறுத்தி மேற்கே பார்த்தால், தெளிந்த நாளில் சமவெளிக்கு அப்பால் நியூயார்க்கின் அடிராண்டாக் மலைகள் தெரியும். இறங்கி பிரிஸ்டல் ஊரில் மதியம். அங்கிருந்து லிங்கன் வழியாக லிங்கன் கணவாய் ஏறி வாரனுக்கு இறங்கலாம். மொத்தமே 45 மைல் அளவுதான், ஆனால் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். லிங்கன் கணவாயில் சரிவு ஓரிடத்தில் 24 சதவீதம் வரை போகும், ஒரு பகுதி மண் சாலை. டிரெய்லர் மாட்டிய வண்டியும் பெரிய கேம்பர் வண்டியும் வேண்டாம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கீழே சேரும்போது புகை வாடை வரும். கியரை 'எல்' அல்லது 2ஆம் நிலைக்கு மாற்றி எஞ்சினே பிடிக்கும்படி இறங்குங்கள்.

இரண்டாம் நாள் தெற்கே. வாரனில் மூடு பாலம், ஊர்க் கடை. பிறகு ரூட் 100இல் கிரான்வில் மலையிடுக்கு: இரண்டு பக்கமும் காடு நெருக்கி வரும் ஆறு மைல், நடுவில் சாலையோரத்திலேயே மாஸ் கிளென் அருவி. கவனம், இதே பெயரில் ஸ்டோ பக்கத்திலும் ஓர் அருவி உண்டு. ஜிபிஎஸ்ஸில் கிரான்வில் என்று பார்த்துத் தட்டுங்கள். ஹான்காக்கில் வலப்புறம் ரூட் 125, மிடில்பரி கணவாய் ஏறி இறங்கினால் ரிப்டன். கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் கோடைதோறும் வாழ்ந்த ஊர்ப்பக்கம் அது. அவர் பெயரில் ஒரு மைல் அளவு நடைபாதை இருக்கிறது, பெரியவர்களும் மெதுவாக நடக்கலாம். அதற்கப்புறம் மிடில்பரி, கல்லூரி ஊர் என்பதால் சாப்பாட்டுக்குத் திண்டாட்டமில்லை. பருவம் முந்திப்போன ஆண்டில் இந்த நாளின் அழகு மிடில்பரி பக்கம், பிந்திய ஆண்டில் கணவாயில்.

மூன்றாம் நாள் வடக்கே. வாரநாளாக இருந்தால் நல்லது. ரூட் 100 வழியே வாட்டர்பரி, ஸ்டோ, அங்கிருந்து ரூட் 108இல் ஸ்மக்ளர்ஸ் நாட்ச் என்ற கணவாய். பாறைகளுக்கு நடுவே சாலை ஒற்றைத் தடம் அளவுக்குச் சுருங்கும், எதிரே வருபவர் தெரியாது, ஹாரன் அடித்துத் திரும்ப வேண்டிய வளைவுகள். நீண்ட லாரிகளுக்குத் தடை, மீறி நுழைந்து மாட்டிக்கொள்வதும் உண்டு. உச்சியில் வண்டி நிறுத்த இடம் கொஞ்சமே. காலை 9 மணிக்குள் அங்கே இருந்தால் கிடைக்கும், 11 மணிக்குப் போனால் நிற்காமல் கடந்து வர வேண்டியதுதான். இறங்கியதும் ஜெஃபர்சன்வில், ரூட் 15 வழியே மாரிஸ்வில், மறுபடி ரூட் 100. வாட்டர்பரியில் பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்க்ரீம் ஆலைக்குப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். சனிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள்.

வடகிழக்கில் தங்குகிறவர்களுக்குத் திட்டம் இன்னும் எளிது. ஒரு நாள் டேன்வில், பீச்சம், பார்னட்: வெள்ளை மாதாகோயில் கோபுரம், சிவப்புத் தொழுவம், மேய்ச்சல் நிலம், காலண்டரில் பார்த்த அத்தனையும். மறுநாள் ரூட் 5ஏ வில்லோபி ஏரி. இருபுறமும் மலை செங்குத்தாக இறங்கி நடுவில் ஏரி கிடக்கும், தென்கரையில் நின்று வடக்கே பாருங்கள். மழை நாளுக்கு செயின்ட் ஜான்ஸ்பரி அத்தீனியம் இருக்கிறது, 1871இல் திறந்த நூலகம். அதன் பின்கூடத்தில் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் வரைந்த யோசெமிட்டியின் மாபெரும் ஓவியம் ஒரு சுவரையே நிறைத்துக்கொண்டு தொங்குகிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்கள் சில, பருவத்தில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துத் திருவிழா நடத்துகின்றன. அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்து, உங்கள் நாளில் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சாலையில்

பெட்ரோல் அரை டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். அரை டேங்க் என்பது பயந்தாங்கொள்ளிக் கணக்குபோலத் தோன்றும். கணவாய்ச் சாலைகளில் பங்க் கிடையாது, ஊர்க் கடையின் ஒற்றைப் பங்க் மாலை ஏழு மணிக்கு மூடினாலும் மூடும். மின்சார கார் என்றால் விடுதியிலேயே சார்ஜர் இருக்கிறதா என்று பதியும்போதே கேளுங்கள். ஏற்றத்திலும் குளிரிலும் ரேஞ்ச் குறையும்.

மலைக்குள் செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும், சில பள்ளத்தாக்கில் வரவே வராது. வரைபடத்தை முந்தைய இரவே வைஃபையில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்களில் போனால், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதைக் கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸைக் கண்ணை மூடி நம்புவது இங்கே இரண்டு வகையில் சிக்கல். ஒன்று, ஒரே பெயரில் பல ஊர்கள்: உட்ஸ்டாக் என்று அடித்தால் நியூயார்க், நியூ ஹாம்ப்ஷயர், கனெக்டிகட் என்று எல்லா மாநிலத்து உட்ஸ்டாக்கும் வரும். இரண்டு, 'குறுக்கு வழி' என்று நான்காம் வகைச் சாலையில் தள்ளிவிடும். வெர்மாண்ட்டில் ஊர்ச் சாலைகளை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காம் வகையை ஊராட்சி பராமரித்தே ஆக வேண்டும் என்றில்லை. தார் முடிந்து மண், மண் முடிந்து நடுவில் புல் என்று மாறினால் அப்படியே பின்வாங்கித் திரும்புங்கள். மற்றபடி மண் சாலைக்குப் பயப்பட வேண்டாம். மாநிலத்திலுள்ள மொத்தச் சாலைகளில் பாதிக்கும் மேல் மண் சாலைதான், நன்றாகவே வைத்திருப்பார்கள். காய்ந்த நாளில் கேம்ரி, சிவிக் எல்லாம் தாராளமாகப் போகும். மழைக்குப் பின் 25 மைல் வேகத்துக்கு மேல் வேண்டாம்.

வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்குகளுக்குப் புதிதல்ல. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலும் 2023 ஜூலை மழையும் சாலைகளை அரித்துக்கொண்டு போயின. எந்தச் சாலையில் மாற்று வழி என்று நியூ இங்கிலாந்து 511 தளத்தில் கிளம்பும் காலை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் எல்லையில் வேகம் 50 மைலிலிருந்து திடுமென்று 25, 30க்கு இறங்கும், போலீஸ் கார் அங்கேதான் நிற்கும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம். சிவப்பு விளக்கு மின்ன நிற்கும் பள்ளிப் பேருந்துக்கு இரண்டு திசையிலும் நிற்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய அபாயம் மூஸ் என்ற பெரிய மான் இனம். செப்டம்பர், அக்டோபர் அதற்கு இணைசேரும் காலம். விடியலிலும் அந்தியிலும் சாலைக்கு வரும். கால் உயரம் என்பதால் கார் விளக்கொளி அதன் வயிற்றுக்குக் கீழேயே போய்விடும், சாதாரண மானைப்போலக் கண் மின்னாது. மோதினால் உடல் முழுதும் கண்ணாடி மேல் வந்து விழும். வடகிழக்கில் இருட்டிய பிறகு 40 மைலுக்கு மேல் போகாதீர்கள். அக்டோபர் பத்துக்குள் சூரியன் மாலை ஆறேகாலுக்கே மறைந்துவிடுகிறது, ஆகவே வட்டத்தை ஐந்தரைக்குள் முடிக்கும்படி போடுங்கள்.

அழகான வளைவைக் கண்டதும் சாலை நடுவே பிரேக் போடுவதுதான் ஊர்க்காரர்களுக்கு வரும் முதல் எரிச்சல். பின்னால் மக்காச்சோளம் ஏற்றிய லாரி வரலாம், அறுவடைக் காலம் அது. நான்கு சக்கரமும் தாரை விட்டு இறங்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். ஓரத்துப் புல்லுக்கு அடியில் வாய்க்கால் இருக்கக்கூடும், முதலில் ஒருவர் இறங்கிப் பார்க்கட்டும். பண்ணை வாசலை மறிக்காதீர்கள். 'போஸ்டட்' என்று பலகை இருந்தால் அது அத்துமீறக் கூடாத தனியார் நிலம். பாம்ஃப்ரெட் ஊரில், சமூக ஊடகப் படங்களால் புகழ்பெற்ற ஒரு பண்ணைக்கு வந்த கூட்டம் தாங்காமல், 2023 பருவத்தில் அந்தச் சாலையை வெளியாட்களுக்கு மூடியே விட்டார்கள். வேலி தாண்டிப் போனது, வீட்டு முற்றத்தில் உடை மாற்றியது என்று புகார்கள். அந்தப் படத்தை நீங்களும் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. அதே மாதிரிப் பண்ணை அடுத்த வளைவில் இருக்கிறது, கூட்டமில்லாமல்.

படம் எடுப்பவர்களுக்கு இரண்டே வரி. மேகமூட்டமான நாளில் காட்டுக்குள் எடுங்கள், நிறம் அடர்த்தியாக விழும். தெளிந்த குளிர் இரவுக்கு அடுத்த காலையில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூடுபனி ஒன்பது, பத்து மணி வரை நிற்கும், மேலிருந்து பார்க்க அதுவே நேரம். இலைப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசிங் ஃபில்டர் வேறெதற்கும் இல்லாவிட்டாலும் மழை ஓய்ந்த நேரத்தில் காசுக்குத் தகும்.

சாப்பாடு

சைவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம். சிற்றூரில் இரண்டு உணவகம் இருந்தால் ஒன்று திங்கள், செவ்வாய் மூடியிருக்கும், மற்றதில் எட்டு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். மெனுவில் சைவமாகத் தெரிவதும் சைவமாக இருக்காது: பேக்டு பீன்ஸில் பன்றிக்கொழுப்பு, காய்கறி சூப்பில் சிக்கன் சாறு, பை மாவில் சில இடங்களில் பன்றி நெய். ஆப்பிள் சைடர் டோனட்டை எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். செடார் சீஸ் சாண்ட்விச், மேப்பிள் க்ரீமி என்று அங்கே சொல்லும் கூம்பு ஐஸ்க்ரீம், சுடச்சுடச் சைடர் — இவை எங்கும் கிடைக்கும்.

முதல் நாளுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொண்டால் மதியத்துக்கு ஊரைத் தேட வேண்டாம். தயிர் சாதம் ஐஸ் பெட்டியில் வைத்தால் மட்டும். சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோகிறவர்கள் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய மரவீடுகளில் அறைக்குள் சமைக்க அனுமதி இருக்காது, தாளித்தால் புகை அலாரம் நிச்சயம். கடுகு தாளிப்பை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்கு மாநிலத் தகவல் நிலையங்களே நம்பிக்கையானவை. மாநிலப் பூங்காக்கள் பல அக்டோபர் நடுவோடு மூடப்படும். உள்ளே நடக்கலாம், கழிப்பறை பூட்டியிருக்கும். ஊர்க் கடையில் பயன்படுத்தினால் ஏதாவது ஒன்று வாங்கிக்கொண்டு வருவது முறை.

பெட்டியில்

பகலில் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ், இரவில் பூஜ்யம் வரை இறங்கும். ஒரு பெரிய ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு மேல். காலையில் போட்டு மதியம் கழற்ற வசதி. பெரியவர்களுக்கு மங்கி குல்லாவும் கையுறையும். கணவாய்களில் காற்று வெட்டும். உதிர்ந்த இலை மழையில் நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், பிடிமானமுள்ள காலணி போடுங்கள். அக்டோபர் முதல் தேதியே வில்லால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கிவிடுகிறது, காட்டுப்பாதையில் நடந்தால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது மேலே தெரியட்டும். மான் உண்ணிகள் இந்த மாதத்திலும் சுறுசுறுப்பாக இருக்கும், இலைக்குவியலில் பிள்ளைகள் புரண்ட இரவு முட்டியின் பின்புறம், அக்குள், காதுக்குப் பின்னால் பாருங்கள்.

மேப்பிள் பாகு வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. நெடுஞ்சாலைக் கடையைவிடப் பண்ணையில் வாங்கினால் விலை குறையும். சாறு வடித்துக் காய்ச்சுவது மார்ச், ஏப்ரலில்தான், அக்டோபரில் கொட்டகை சும்மா இருக்கும், கடை மட்டும் திறந்திருக்கும். சுமார் 40 காலன் சாறு காய்ந்தால் ஒரு காலன் பாகு என்பதால் விலையில் பேரம் எதிர்பார்க்க வேண்டாம். நான்கு தரம் உண்டு: கோல்டன் மெல்லிய வாசனை, ஆம்பர் எல்லாருக்கும் பிடிக்கும், டார்க் தோசைக்கும் அடைக்கும் நன்றாக நிற்கும், வெரி டார்க் சமையலுக்கு. திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே பூஞ்சை படியும். விமானத்தில் திரும்புகிறவர்கள் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பாகும் திரவக் கணக்குதான். காரில் தெற்கே திரும்புகிறவர்கள் ஞாயிறு காலை 11 மணிக்குள் ஐ-91 நெடுஞ்சாலையில் ஏறிவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டைத் தாண்டவே தனியாக ஒரு மணி நேரம் போய்விடும்.